பழைய கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி...

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருக்கீங்க. பெயர், முகவரி, குடும்ப அட்டை விவரம் எல்லாம் டைப் பண்ணியாச்சு. ஸ்கேன் செய்து வைத்த ஆவணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிறீர்கள். மூன்றாவது ஏறும்போது திரை சட்டென்று கறுப்பாகிறது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, கரண்ட் போகவில்லை. ஒரு 'பீப்' சத்தம், மறுபடியும் கம்பெனி பெயர், மறுபடியும் விண்டோஸ் சின்னம். விண்ணப்பத்தை முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. தினமும் நாலு தடவை என்றால்?

எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப். தங்கையின் கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டு போனார். பார்த்தவர் பத்து நிமிஷத்தில், "மதர்போர்டு போச்சு சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க" என்றார். அப்பா எனக்குப் போன் போட்டு, "இருபதாயிரம் ஆகுமாம்மா" என்று கேட்டபோது குரலே இறங்கியிருந்தது. கடைசியில் கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேயே இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"இப்போதான் போனிலேயே எல்லாம் பண்ணலாமே, பழைய பெட்டிக்கு எதற்கு இவ்வளவு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல பக்க விண்ணப்பத்தை நிரப்புவது, பி.டி.எஃப். அளவைக் குறைப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் பெரிய திரையில்தான் சுலபம். அதைவிட முக்கியம், பத்து வருஷத்துக் குடும்பப் புகைப்படமும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேனும் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அதனால் முதல் வேலை கோளாறைத் தேடுவது இல்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது.

முதலில் ஆவணங்களைக் காப்பாத்துங்க

ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று அறுபடுவது ஹார்டு டிஸ்க்குக்கு ஆகாது. ஒவ்வொரு திடீர் ரீஸ்டார்ட்டும் எழுதிக்கொண்டிருந்த ஃபைலைக் கெடுக்கலாம், சில சமயம் விண்டோஸையே கெடுக்கலாம். எனவே அடுத்த முறை ஆன் ஆனதும் ஒரு பென் டிரைவைச் செருகி முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் காப்பி பண்ணுங்க. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காப்பி செய்தால் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும், எது வந்தது எது வரவில்லை என்றே தெரியாது. சான்றிதழ்கள் முதலில், புகைப்படங்கள் அடுத்து, சினிமாவும் பாட்டும் கடைசியில்.

சான்றிதழ் ஸ்கேன்களைப் போனுக்கும் மாற்றிவிடுங்கள். டிஜிலாக்கரில் கணக்கு இருந்தால் அதிலும் ஏற்றி வைக்கலாம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணத்துக்கு அசலுக்கு நிகரான மதிப்பு உண்டு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு தானாக வந்துவிடாது, பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம்கூடத் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் காப்பி செய்யப் போராட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேபிள் மூலம் வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல்களை எடுத்துவிடலாம். எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். பக்கத்தில் இருந்து எடுத்துக்கொண்டு வாங்க.

இன்னொன்று. கோளாறு தீரும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிட்டதா? பதற்றத்தில் உடனே மறுபடியும் கட்ட வேண்டாம். வங்கியிலிருந்து பணம் எடுத்ததாக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதா என்று போனில் பாருங்கள். பிறகு போனிலேயே அதே இணையதளத்தில் நுழைந்து, விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைச் சரிபாருங்கள். பணம் போயும் ரசீது வரவில்லை என்றால் பரிவர்த்தனை எண்ணுடன் புகார் செய்யலாம். கடைசி நாள் நெருக்கடி இருந்தால் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போய் வேலையை முடித்துவிடுங்கள். நாங்களும் தங்கையின் விண்ணப்பத்தை அப்படித்தான் முடித்தோம். அதன் பிறகு நிதானமாகக் கோளாறைத் தேடினோம்.

எப்போ ஆகுதுன்னு எழுதி வையுங்க

ரீஸ்டார்ட் ஆவது ஒரு அறிகுறி, காய்ச்சல் மாதிரி. டாக்டரிடம் போனால் "எப்போதிலிருந்து? காலையிலா, ராத்திரியிலா?" என்றுதானே முதலில் கேட்பார்? இங்கேயும் அதே கேள்விதான். போனில் நோட்ஸ் திறந்து இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு ஆனது, ஆன் செய்து எத்தனை நிமிஷம் கழித்து, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு போதும்.

ஆன் செய்து சரியாகப் பதினைந்து இருபது நிமிஷத்தில், அதுவும் வீடியோ பார்க்கும்போது போகிறது என்றால் சூடு மேல் சந்தேகம். மிக்சி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் ஆன் ஆகும் நொடியில் என்றால் மின்சாரம். நேரம் காலமே இல்லாமல், சில சமயம் நீலத் திரையுடன் என்றால் ரேம் அல்லது ஏதாவது டிரைவர். ராத்திரியில் யாரும் தொடாதபோது மட்டும் என்றால் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம், அது கோளாறே கிடையாது.

இதோடு ஒரு சின்ன மாற்றமும் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிகவும் உதவுவது இதுதான். விண்டோஸுக்கு ஏதாவது பெரிய சிக்கல் வந்தால் அது நீலத் திரையைக் காட்டிவிட்டு உடனே தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் கம்பெனியிலிருந்தே அமைத்திருக்கிறார்கள். அந்தத் திரை கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுவதால் நமக்குக் காரணம் தெரிவதில்லை. அதை நிறுத்தி வைக்கலாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று டைப் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள். உள்ளே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள்.

இனி இரண்டில் ஒன்றுதான் நடக்கும். நீலத் திரை வந்து அப்படியே நின்றால், அது விண்டோஸ் தானே கண்டுபிடித்த சிக்கல். ரேம், டிரைவர், ஹார்டு டிஸ்க் என்று தேடலாம். திரையில் இருப்பதைப் போனில் படம் பிடியுங்கள். அதில் உள்ள ஆங்கில வரிதான் அடுத்த துப்பு. இந்த டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை இல்லாமல், சுவிட்சை அணைத்துப் போட்ட மாதிரி ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது மின்சாரம், சூடு இந்த இரண்டின் மேல்தான் முதல் சந்தேகம். "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் நம்பாதீர்கள். கரண்ட் கோளாறை ஃபார்மட் சரிசெய்யாது. உங்கள் ஃபைல்கள் போனதுதான் மிச்சம்.

ஸ்டார்ட் பட்டனில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால் இன்னொரு நல்ல பக்கம் வரும். நாள் நாளாக ஒரு வரைபடம், கோளாறு வந்த நாளில் சிவப்புக் குறி. உங்கள் போன் குறிப்போடு அதை ஒத்துப் பார்க்கலாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஈவென்ட் வியூவருக்குள் போய் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோவார்கள். அந்த 41 காரணத்தைச் சொல்வதில்லை. "போன தடவை என்னை முறையாக அணைக்கவில்லை" என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதாங்க.

சுவரிலிருந்து ஆரம்பிங்க

எங்கள் வீட்டுக் குறிப்பில் மூன்று நாளும் ஒரே மாதிரி இருந்தது. பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஆரம்பிக்கும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்ட நொடியில் இரண்டு தடவை. "மோட்டார் போட்டா லைட்டும் ஒரு தடவை மங்கும்" என்று அம்மா சொன்னார். அப்பா யு.பி.எஸ்.ஸைப் பார்த்தார். அது வாங்கி ஐந்து வருஷம். அதற்குள் ஒருநாளும் பேட்டரி மாற்றியதே இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். நம்ம ஊர் சூட்டில் அது இரண்டு மூன்று வருஷம் உழைத்தாலே பெரிய விஷயம். பேட்டரி செத்துப்போனாலும் யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரியும், கம்ப்யூட்டரும் ஓடும். ஏனென்றால் கரண்ட் இருக்கும்வரை அது சுவர் மின்சாரத்தையே கடத்திக்கொண்டிருக்கிறது. மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்தால் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும். அங்கே ஒன்றும் இருக்காது. வந்த வேகத்தில் மறுபடியும் சுவர் மின்சாரத்துக்குத் திரும்பும். இந்த இடைவெளி நம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, உள்ளே வரும் மின்சாரம் நின்றால் ஏறக்குறைய 16 மில்லி விநாடி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதைத் தாண்டினால் ரீஸ்டார்ட். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டர் மட்டும் போவது இதனால்தான்.

சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரை யு.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்து, எர்த் சரியாக உள்ள மூன்று பின் சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். அந்த இரண்டு நாளும் முக்கியமான வேலை எதையும் செய்யாதீர்கள், நிஜமாகவே கரண்ட் போனால் அணைந்துவிடும். இரண்டு நாளும் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கோளாறு யு.பி.எஸ்.ஸில். யு.பி.எஸ்.ஸைத் தனியாகவும் பார்க்கலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதில் ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மட்டும் போட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு உடனே போனால் பேட்டரி முடிந்தது. எல்.இ.டி. பல்பை வைத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம், சாகப்போகிற பேட்டரிகூட அதைக் கொஞ்ச நேரம் எரிய வைத்துவிடும்.

எங்கள் வீட்டுக் கோளாறு இதுதான். பேட்டரி மாற்ற ஆயிரத்துச் சொச்சம் ஆனது. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருப்பதால் அதைக் குப்பையில் போடவும் கூடாது.

யு.பி.எஸ். இல்லை, இன்வெர்ட்டர்தான் என்றால் இன்னொன்றைப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ். மோடு', 'நார்மல் மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் பின்பக்கம். நார்மலில் பேட்டரிக்கு மாற அதிக நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். கரண்ட் போகும்போதும் வரும்போதும் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிற வீடுகளில் அந்தச் சுவிட்சை மாற்றினாலே தீர்ந்துபோன கதைகள் உண்டு.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரே பாக்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரின்டர், வைஃபை, அயர்ன் பாக்ஸ் என்று தொங்கவிட்டிருப்போம். பிளக் தளர்ந்து ஆடினாலோ, கருகிய தடம் தெரிந்தாலோ முதலில் அதை மாற்றுங்கள். சி.பி.யு. பெட்டியின் பின்னால் செருகும் கனமான வயரை நன்றாக அழுத்திவிடுங்கள். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது தளர்ந்துபோவது சாதாரணம்.

தெருவுக்கே மின்னழுத்தம் குறைவு என்று தெரிந்தால், அதாவது சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிவு செய்யுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்க, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சூடு

கம்ப்யூட்டர் டேபிளின் அடித்தட்டு, மூன்று பக்கமும் பலகை, மேலே தூசு படியாமல் இருக்க ஒரு துணி. நம் வீடுகளில் பெட்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாதத்தில் அறையே அனலாக இருக்கும்போது அந்தப் பெட்டிக்குள் என்ன நிலைமை என்று நினைத்துப் பாருங்கள். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சில கம்ப்யூட்டர்கள் அணைந்ததும் தானாக ஆன் ஆகும், அது நமக்கு ரீஸ்டார்ட் மாதிரித் தெரியும்.

சூடுதானா என்று தெரிய செலவே இல்லாத ஒரு வழி உண்டு. பெட்டியை டேபிளிலிருந்து வெளியே எடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பக்கவாட்டுத் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றித் திறங்கள். எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைத்து, பிறகு ஓட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றால் சூடுதான் காரணம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்த பெட்டியைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆன் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். வெளியே திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், பெயின்ட் அடிக்கும் காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். புளோயர் இருந்தால் நல்லது, ஆனால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் கெட்டுப்போகும். ஈரத்துணி கூடவே கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும். உள்ளே பல்லி முட்டையோ எறும்புப் புற்றோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். திறந்து பார்க்காத பழைய பெட்டிகளில் அது சகஜம்.

பிராசஸர் மேல் உள்ள விசிறி சுற்றுகிறதா, அதன் நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பின்கள் பலகையில் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பின் தளர்ந்தாலும் கூலர் சாய்ந்து சூடு ஏறாமல் தங்கிவிடும். கூலரைக் கழற்றினால் அடியில் உள்ள தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் தடவ வேண்டும். பேஸ்ட் கையில் இல்லாமல் கழற்றாதீர்கள். இதைக் கடையில் செய்துகொள்வது உத்தமம், சின்ன வேலைதான்.

ரேம், பேட்டரி, சுவிட்ச்

நீலத் திரை வந்து நின்றவர்களுக்கு ரேம்தான் முதல் வேலை. ஸ்டார்ட் பட்டனில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று டைப் செய்தால் விண்டோஸ் தானே ரேமைச் சோதித்துச் சொல்லும், கொஞ்சம் நேரம் எடுக்கும். சேவ் செய்யாத வேலை இருந்தால் முதலில் சேவ் பண்ணிடுங்க. பெட்டியைத் திறக்கத் தயங்காதவர்கள், மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துத் தூசைத் தட்டிவிட்டு மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்த முனைகள் சீக்கிரமே மங்கிப்போகும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்ற குழப்பமே வராது.

ரீஸ்டார்ட்டுக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032, மூன்று வோல்ட். அது தீர்ந்தால் ஒவ்வொரு தடவையும் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் அரசு இணையதளம், வங்கித் தளம் எல்லாமே "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை காட்டும். தளத்தில் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பேட்டரி மலிவு, பெட்டி திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

பெட்டியின் முன்னால் உள்ள ரீஸ்டார்ட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தாலும் இதே தொல்லை வரும். நாலு தடவை அழுத்திப் பாருங்கள், துள்ளி வெளியே வரணும். யு.எஸ்.பி.யில் செருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து ஒருநாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

இங்கே கை வைக்காதீங்க

பெட்டியின் பின்பக்கம், மின்சார வயர் செருகும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை. பழைய கம்ப்யூட்டரில் யு.பி.எஸ்.ஸும் சூடும் காரணம் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் இதன் மேல்தான். இது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. 12 வோல்ட் பாதையில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே உள்ள கப்பாசிட்டர்கள் வயதாகி உப்பிப்போனால், வேலை அதிகமாகும் நேரத்தில் அழுத்தம் சரிந்து, மதர்போர்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும், பெரிய வேலை கொடுத்தால் போகும்.

அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாகச் சேமிக்கப்படுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். இது கடைக்காரர் வேலை. அவரும் பழுது பார்ப்பதைவிட மாற்றிப் போடுவதுதான் நல்லது. மதர்போர்டின் மேல் உள்ள கப்பாசிட்டர்களை நாம் கண்ணால் பார்க்கலாம். சின்ன டப்பா மாதிரி இருக்கும், தலை தட்டையாக இருக்கணும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கடையில் என்ன கேட்கணும்

"ரீஸ்டார்ட் ஆகுது" என்று மட்டும் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தால் அவர் ஊகித்துத்தான் சொல்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் அப்பா கொண்டுபோன அன்று யு.பி.எஸ். வீட்டில் இருந்தது. கடையில் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியிருக்கும்! அதனால் உங்கள் போன் குறிப்பையும் நீலத் திரைப் படத்தையும் காட்டுங்கள். நேரடிப் பிளக்கில் போட்டுப் பார்த்ததைச் சொல்லுங்கள். "வேற எஸ்.எம்.பி.எஸ். மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கண்ணே" என்று கேளுங்கள். கடையில் சோதனைக்கு ஒன்று எப்போதும் இருக்கும். மதர்போர்டு போனது என்று சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பதில் தப்பில்லை. மாற்றிய பழைய உதிரிபாகத்தைத் திரும்பக் கேளுங்கள், பில் வாங்குங்கள். ஆவணங்கள் உள்ள ஹார்டு டிஸ்க் தேவையில்லாத சோதனை என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போகலாம்.

கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று திரை முழுவதும் அலறும் விளம்பரத்தை நம்பாதீர்கள். "விண்டோஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று போனில் வந்து, ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் திரையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கம்பெனி யாருக்கும் அப்படித் தானாகப் போன் செய்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

பேட்டரி, எஸ்.எம்.பி.எஸ்., ரேம் இந்த மூன்றில் ஒன்று என்றால் செலவு செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். மதர்போர்டே போயிருந்தால், அதுவும் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் என்றால், யோசிக்க வேண்டும். காரணம் ரிப்பேர் செலவு மட்டும் இல்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் வங்கி வேலை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் உறுப்புகள் நன்றாக இருந்தால் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். இலவசம், பழைய கம்ப்யூட்டருக்குப் பாரமும் குறைவு. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸில் தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பிரின்டர் அதில் வேலை செய்யுமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து போகும் சர்க்யூட் பலகைகளை வெட்டவெளியில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் பிரிப்பது உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் அதைக் கையாள வேண்டும். கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே பழையதை எங்கே ஒப்படைப்பது என்று பெரும்பாலும் இருக்கும். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். டெலீட் செய்தாலும் ஃபார்மட் அடித்தாலும் உள்ளே இருந்த ஆதார் ஸ்கேனையும் பாஸ்புக் பக்கத்தையும் திரும்ப எடுக்க முடியும்.

எங்கள் 2012 பெட்டி இன்னும் ஓடுகிறது. டேபிள் அடியிலிருந்து மேலே வந்துவிட்டது, துணியையும் எடுத்தாச்சு. யு.பி.எஸ். மேல் அப்பா மார்க்கரால் பேட்டரி மாற்றிய தேதியை எழுதி வைத்திருக்கிறார்.